இருபது நாள்

முதல் விதி:
அவள் சொல்கிறாள் என்று நான் சொல்லக் கூடாது.
அவள் நான் என்றால் நானும் நான்.
இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்
களவெடுத்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன்,
ஒருமுறை மார்க்கம் வீதியில்
சொந்தக் கடைக்கே நெருப்பு வைத்தேன்.
மாலையில் வீட்டுக்குப் போய் மீன் கழுவினேன்.

இந்த வழக்குக்கு இரண்டு அறை.
ஒரே இரவு. ஸ்காபரோவில்
கடைத்தொகுதிக்குப் பின்னால் ஒரே கார் தரிப்பிடம்.
ஒரே கத்தி, கை மாறிய கத்தி.
ஆனால் சட்டம் இருவரையும் ஒன்றாக இருத்தாது.
டிலக்சனுக்கு அன்று பதினெட்டு முடிந்து பதினொரு நாள்.
மற்றவனுக்குப் பதினெட்டாக ஒன்பது நாள் இருந்தது.
மற்றவனின் பெயர் எனக்குத் தெரியும்.
வெளியே சொன்னால் குற்றம்.
இந்தக் கவிதையிலும் அவன் மற்றவன்தான்.
செத்தவன் பெயர் ஆர்த்திகன்.
அதைச் சொல்லலாம் என்று
தாய் பவளராணி கையெழுத்து வைத்திருக்கிறாள்.

வயதை நிறுவ ஒரு படம் காட்டினார்கள்.
நீலக் கிரீமில் பதினெட்டு என்று எழுதிய கேக்,
பின்னால் மூன்று பெடியள்.
ஆர்த்திகனின் மூக்கில் கிரீம்.
கேக் வெட்டுகிற கத்தி மற்றவன் கையில்.
(அது வேறு கத்தி. வழக்கறிஞர் இரண்டு தரம் சொன்னார்.)
அன்றைக்கு டிலக்சனின் தாய்
நெற்றியில் கைவைத்து
நூறாயுசு என்று சொல்லியிருப்பாள்.

டிலக்சனுக்கு ஆயுள்.
பதினாலு வருடம் போகாமல்
பரோல் என்று வாய் திறக்க ஏலாது.
சிறையை அவன் அப்படியே ஏற்றுக்கொண்டான்.
பதினாலைத்தான் விரலில் எண்ணினான்,
மேசைக்குக் கீழே,
பத்தோடு விரல் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம், மற்ற அறை.
மற்றவனுக்கு ஏழு.
நாலு உள்ளே, மூன்று வெளியே, கண்காணிப்போடு.
உள்ளே என்பதற்கு அவர்கள் வைத்த சொல்லை
அவன் தாய்க்குக் காவல் என்று சொன்னேன்.
வயலுக்கு இருப்பதும் காவல்,
ஊர் எல்லையில் சாமி நிற்பதும் காவல்.
என்னிடம் வேறு சொல் இல்லை.
அவள் தலையாட்டினாள்,
யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள
ஒப்புக்கொண்டது போல.

பவளராணி இரண்டு அறையிலும் பேசினாள்.
முதல் அறையில் நாலு பக்கம், எழுதியதை எழுதியபடி.
இரண்டாவதில் தாளை நாலாக மடித்து
கைப்பைக்குள் வைத்தாள்.
“என்ரை பிள்ளைக்கும் பதினேழுதான், ஐயா.
அவனுக்கு எந்த அறை?”
நான் பிள்ளை பெறாதவள்.
என் பிள்ளைக்கும் பதினேழுதான் என்றேன்
அவர்களுடைய மொழியில், தெளிவாக,
ஒலிவாங்கிக்கு அருகில் குனிந்து.
நீதிபதி எதையோ எழுதப் போய் எழுதவில்லை.
பதில் வந்தால் தமிழாக்க வேண்டுமே என்று
நின்றுகொண்டிருந்தேன்.
குளிரூட்டியின் சத்தத்தை யாரும்
மொழிபெயர்க்கச் சொல்வதில்லை.

பிறகு அவள் திரும்பி
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள்.
எத்தனை ஞாயிறு அவள் வீட்டில் சாப்பிட்டவன்.
“மெலிஞ்சு போனான்” என்றாள்.
எனக்கு மட்டும்தான் கேட்டது.

இரண்டாம் விதி:
பேசியது எதையும் விடக் கூடாது.
அது இரக்கமா,
வயிறு கொஞ்சம் குளிர்ந்ததா,
எனக்குப் பிடிபடவில்லை.
ஏதாவது சொன்னாரா என்று எழுத்தர் கேட்டார்.
இல்லை என்றேன்.
அந்த இல்லை மட்டும் என்னுடையது.