ஓராண்டு குறைகிறது

நாரினிலிருந்து வந்த சான்றிதழில்
வரிக்கு வரி ஐந்து.
மாக்டெபுர்க்கில் ஐந்தென்றால் தேறவில்லை;
அங்கே ஐந்துக்கு மேல் எண்ணே கிடையாது.

வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு
"போகட்டும், கண்ணே" என்று
பிளம் கேக் வெட்டிக் கொடுத்தாளாம்.
சொல்லிச் சிரிக்கிறாள் நுர்சாத்,
ஈரக் கோட்டைக் கழற்றாமலே.

சூத்திரத்தில் போடுகிறேன்:
உச்சத்திலிருந்து கழித்தால் மிச்சம் பூஜ்யம்,
பூஜ்யத்தை மூன்றால் பெருக்கி, வகுத்து, ஒன்றைக் கூட்ட
ஒன்று புள்ளி பூஜ்யம்.
முதல் தரம்.
கணக்கில் நான் வாங்கியது நான்கு.
மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவனிடம்
அதை யாரும் கேட்பதில்லை.

ஆனால் அவர்கள் பள்ளி பதினோரு ஆண்டு.
எங்களுக்குப் பன்னிரண்டு வேண்டும்.
"ஓராண்டு குறைகிறது" என்கிறேன்.

"எந்த ஆண்டு?"

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

"ஏழாம் வகுப்பில் கொதிகலன் வெடித்தது.
வெளியே மைனஸ் முப்பது.
இயற்பியல் டீச்சர் வீட்டுச் சமையலறையில்
பதினாறு பேர், ஒரே அடுப்பு,
முறைவைத்து முதுகு காய்ந்தோம்.
அந்தக் குளிர்காலத்தை
எத்தனை மாதமாக எழுதுவீர்கள்?"

'ஆயத்தக் கல்லூரி, இரண்டு பருவம்.'
முத்திரை குத்துகிறேன்.
பாதிதான் விழுகிறது.

"இன்னொரு முறை" என்கிறாள்,
தாளை எனக்கு நேராகத் திருப்பி வைத்து.