நிரல் ஐந்து: ஆதாரம்

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கேக்க போன கரண்ட்
செவ்வாய் மத்தியானம் வந்தது.
இடையில ரண்டு இரவு.
முதல் இரவு நான் மூடியைத் தொடேல்லை.
திறந்தாக் குளிர் போயிடும் எண்டு
பெட்டிக்கு மேல சாக்கு,
சாக்குக்கு மேல என்ர கம்பளி.
பாசையூர் வெக்கையில
கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தது அது ஒண்டுதான்.

ரண்டாம் இரவு
அது கதைக்கத் தொடங்கிச்சுது.
அடியில ஒரு துளி. பேந்து ஒரு துளி.
விடிய, தண்ணி சிவந்து படிதாண்டி
முத்தத்துக்கு வந்து நிண்டது.

கணவாய் பதினொரு கிலோ.
வெள்ளை இறால் ஆறு.
விளையும் ஒராவும் கலந்து நாலு.
நண்டு இருபது கிலோ,
ஆஸ்பத்திரி வீதி ஹோட்டல்காரன் சொல்லி வைச்சது.
அவன் செவ்வாய் பின்னேரம் போன் எடுத்து
"என்னக்கா, நண்டு சுகமோ?" எண்டான்.

மின்சார சபைக் கந்தோரில
கஜவதனி எண்ட பிள்ளை படிவம் தந்தா.
பெயர்: அந்தோனிப்பிள்ளை லூர்த்துநாயகி.
பொருள், நிறை, வாங்கின திகதி, பெறுமதி,
நாலு நிரலும் மளமளவெண்டு நிரப்பிப்போட்டன்.
ஐந்தில பேனை நிண்டுட்டுது.

"பற்றுச்சீட்டு இருக்கோ, அம்மா?"
தங்கச்சி, விடிய நாலரைக்குக்
கரையில கூறி விக்கிறவன்
விலையை வாயால சொல்லுவான்,
நான் தலையால சொல்லுவன்.
அலையடிக்கிற இடத்தில ஆர் சீட்டு எழுதுறது?

"படமாவது?"
போனிலயும் சார்ஜ் இல்லை.

"பழுதான சாமான்?"
கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டாச்சு.
வேணுமெண்டால் தோண்டிக்கொண்டு வாறன்,
நீங்கள் ஃபானை மட்டும் போட்டு வையுங்கோ.
வரிசையில ஆரோ சிரிச்சினம்.
பிள்ளை சிரிக்கேல்லை. திரையைப் பாத்தபடி சொன்னா:
"எங்கட கணினியில
உங்கட லைனுக்குத் திங்கள் முழுக்கக்
கரண்ட் இருந்தது எண்டுதான் கிடக்கு."

நான் ஒண்டும் பறையேல்லை.
நாங்கள் குப்பி விளக்கோட குந்தியிருந்த நேரம்
அங்க எங்கயோ ஒரு திரையில
எங்கட வீடு பளிச்செண்டு எரிஞ்சிருக்கு.

"விதானையாரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ, பாப்பம்."
விதானையாருக்கு வீடு மூண்டு வளவு தள்ளி.
கேட்ட உடன எழுதித் தந்தார்:
'மேற்படியாரின் வளவிலிருந்து துர்நாற்றம் வீசியமை
எனது நேரடிக் கவனத்துக்கு வந்தது.'
கீழ கையெழுத்து, ஊதா முத்திரை.
வதிவிடத்துக்குக் கடிதம் வாங்கியிருக்கிறன்,
நன்னடத்தைக்கு வாங்கியிருக்கிறன்.
நாத்தத்துக்கு இதுதான் முதல்.

படிவத்தில எழுதாமல் விட்டது ஒண்டு இருக்கு.
பக்கத்து வீட்டு ஸ்ரனிஸ்லாஸின்ர இன்சுலின், ரண்டு குப்பி,
என்ர பிறிட்ஜின்ர கதவில, முட்டைக்குப் பக்கத்தில.
நிறை கேட்டால் அது கிலோவில வராது.
உரிமையாளர் எண்ட இடத்தில என்ர பெயரும் வராது.
அவர் ஒரு கதையும் கதைக்கேல்லை.
குப்பியை உள்ளங்கையில உருட்டி உருட்டிப் பாத்திட்டு
சறத்தில சுத்திக்கொண்டு போனார்.

நாலு மாதத்துக்குப் பிறகு பில் வந்தது.
நட்டஈட்டுக் கழிவு, அறுநூற்று நாப்பது ரூபா.
அதுக்கு முதல் வரியில நிலையான கட்டணம்,
ரண்டு மூண்டு பழைய நிலுவையோட சேத்து.
அந்த ரண்டு இரவுக்கும் காசு எடுத்திருக்கினம்.

பில்லைக் கட்டினன்.
கழிஞ்ச காசுக்கு ஐஸ் கொம்பனியில ஒரு துண்டுப் பாளம் வாங்கி,
சாக்குச் சுத்திச் சைக்கிள் கரியரில வைச்சுக்
கயிறு போட்டு இறுக்கினன்.
இண்டைக்கும் பத்து மணியில இருந்து கரண்ட் இல்லை.
சந்தி திரும்பேக்க பாத்தன்,
எனக்குப் பின்னால ரோட்டில ஒரு ஈரக் கோடு,
அதை மணந்துகொண்டு ஒரு கடுவன் பூனை.

தங்கச்சி, ஆதாரம் வேணுமெண்டால் கெதியா வாங்கோ.
வெயில் ஏறுது.