புற்று

பகாவ் கிளினிக்கில் இருபத்திரண்டு குழாய் ரத்தம்.
ஐஸ் உருகுமுன் சிரம்பான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மூன்று முறை திரும்பி வந்த கட்டுரை என்னுடையது.
நாட்பட்ட அழற்சி கட்டிக்கு நிலம் பண்படுத்துகிறது
என்று எழுதியிருந்தேன்;
ஆதாரம் போதாது என்றார்கள்.

செம்பனைக்கு மருந்தடிக்கும் பொற்கிளி
தன் குழாயை வாங்கி லைட்டில் தூக்கிப் பார்த்தாள்.
"இதுல என்னாதான் தேடுற?"

அழல், என்றேன். அணையாத கங்கு.
காயம் ஆற்ற வந்த அணுக்கள்
ஆறின பிறகும் வீடு திரும்பாமல்
மண் குழைத்து, வழி வெட்டி, வாய்க்கால் இழுத்து...

"கறையான் கட்டிவைக்கும், நாகம் குடிபோகும்.
இதுக்கா பதினாறு வருசம்?"

சிரித்துவிட்டேன்.
அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே
அரைநாள் சம்பளம் வெட்டுவாங்களா என்று
மண்டோருக்குப் போன் போட்டாள்.

இரவு பதினொன்று. சோதனைத்தட்டில் நீலம் ஏறுகிறது
குழி குழியாக, அவசரமில்லாமல்.
பதினேழாவது மட்டும்
நான் கடிகாரம் பார்ப்பதற்குள் கருநீலம்.

பெயர் கிடையாது, எண் மட்டும்.
விதி நான் எழுதியதுதான்.
குழாயைத் திருப்பினேன்:
மூடியில், மருந்துச் சாயம் ஒட்டிய
ஒரு பெருவிரல் ரேகை.