எத்தனை எம்எம்?

பாசிர் ரிஸ் பூங்காவில் காலை ஏழு மணிக்கு
யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை.
எத்தனை எம்எம்? அதுதான் கேள்வி.
எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று
சுற்றிச் சுற்றி என் அப்பாவிடம் கேட்டவர்களுக்கு
இவ்வளவு சுருக்கமாகக் கேட்கத் தெரியாமல் போயிற்று.

அறுநூறுகள் முன்வரிசை.
நானூறுகள் அவர்கள் தோள்களுக்கு இடையில்.
தூங்குமூஞ்சி மரத்தில், பத்தாள் உயரத்தில்
புள்ளி ஆந்தை ஒன்று கண்மூடி இருக்கிறது.
எட்டு முக்காலிகள் அதற்குக் காவல்.
எந்தக் கிளை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது.
லிம் பூன் ஹாக் மோவாயை மட்டும் அசைப்பார்.
வரிசையில் சேர்ந்தவனுக்கு அது போதும்.

எனக்கு அந்த மோவாய் அசைய இரண்டு வருடம் ஆனது.
முதல் நாள் என் கையில் எழுபது-முந்நூறு,
மாட்டும்போதே கடகடக்கும் பழசு.
"ஜூவுக்குப் போ" என்றார்,
"அங்கே பறவை பறந்து போகாது."
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அன்றிரவு தவணைக் கணக்குப் போட்டேன்.
மகளுக்குப் பல்லில் கம்பி கட்டுவது
ஒரு வருடம் தள்ளிப்போனது.
ஏனென்று அவளுக்கு இன்னும் தெரியாது.

நேற்று ஒரு பெண் வந்தாள்.
மருத்துவமனைச் சீருடை, இரவு வேலை முடிந்த முகம்,
நெஞ்சில் யோகமலர் என்று அட்டை,
கழுத்தில் சோப்புப்பெட்டி அளவு கேமரா.
அங்கிருந்த ஒரே தமிழ் முகம் நான்.
நேராக வந்தாள்.
"அண்ணே, ஆந்தை எந்தக் கிளையில இருக்கு?"

லிம் திரும்பவில்லை.
அவர் காது திரும்பியது.

"ஜூவுக்குப் போங்க" என்றேன்.
அந்த ஒரு சொல் எல்லாருக்கும் புரிந்தது.
சிரித்தார்கள்.

அவள் மட்டும் யோசித்தாள்.
"அங்க கிட்டத்துல பாக்கலாமாண்ணே?
நாளைக்கு லீவுதான். எந்த பஸ்?"

பதினொரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
வழி கேட்டால் தப்பாகச் சொல்ல வாய் வராது.
ரயிலில் ஸ்பிரிங்லீஃப் வரைக்கும் போங்க,
வெளியே வந்து நூற்று முப்பத்தெட்டு.
ஞாயிறு கூட்டமாக இருக்கும், முன்னாடியே கிளம்புங்க.
தண்ணி கையோட எடுத்துக்குங்க, உள்ளே விலை ஜாஸ்தி.
இத்தனையும் சொன்னேன்.
மோவாயை ஓர் அங்குலம் உயர்த்தியிருந்தால்
வேலை முடிந்திருக்கும்.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணே."
அந்தக் கிளைக்கு நேர் கீழேதான் நடந்து போனாள்.
அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆந்தை அப்போது ஒரு கண்ணைத் திறந்தது.
ஷட்டர்கள் கடுகாகப் பொரிந்தன.
நானும் அழுத்தினேன், நாற்பது படம்.
ஒன்றுகூட ஆடவில்லை, அத்தனையும் கூர்மை.
எல்லாவற்றிலும் அது கீழே பார்க்கிறது,
நடைபாதைப் பக்கம்.

இன்று ஞாயிறு. காலை ஷிஃப்ட்.
நூற்று முப்பத்தெட்டு என் வண்டிதான்,
அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
ஸ்பிரிங்லீஃப் நிறுத்தத்தில் கதவைத் திறக்கிறேன்.
அட்டையைத் தட்டி ஏறுகிறார்கள்.
ஒவ்வொருவர் கழுத்தையும் பார்க்கிறேன்.