பற்றுச்சீட்டின் முதுகில்

மார்க்கம் வீதியும் லோறன்ஸும் முட்டுகிற மூலையில்
மருந்துக்கடை. மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
மாசி மாதம். வாசல் விரிப்பில்
உப்பும் சேறும் உருகிய பனியும்.

அவர் தொப்பியைக் கழற்றவில்லை.
கையில் ஐந்து கிஃப்ட் கார்ட்,
ஒவ்வொன்றும் ஐந்நூறு டொலர்.
சீட்டாடத் தெரியாதவர் சீட்டுப் பிடிப்பதுபோல்
நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"ஆருக்கு ஐயா இவ்வளவு? பிறந்தநாளோ?"
"மருமகப்பிள்ளைக்கு" என்றார்,
சொல்லிக்கொடுத்த பாடத்தை
ஒப்புவிக்கிற வேகத்தில்.

அப்போதுதான் பார்த்தேன்,
கோட்டின் மேற்பையில் போன்.
திரை எரிந்துகொண்டிருந்தது.
நாற்பத்தேழு நிமிடம், பன்னிரண்டு விநாடி,
பதின்மூன்று,
பதினான்கு.

பைக்குள் ஒருவன் இருந்தான்,
கடையில் ஓடுகிற பாட்டையும்
என் மூச்சையும் கேட்டுக்கொண்டு.

வாயால் சொன்னால் அவனுக்குக் கேட்கும்.
சொல்லாவிட்டால் இவர் காசு போகும்.

"மிஷின் இண்டைக்குச் சரியான ஸ்லோ, நில்லுங்கோ ஐயா"
என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு
யாரோ விட்டுப்போன பற்றுச்சீட்டைத் திருப்பினேன்.
இருமல் மருந்து, ஒரு பெட்டி முட்டை.
அதன் முதுகில் எழுதினேன்:
போனில் இருக்கிறது ஆர்?

என் பேனையை வாங்கினார்.
கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை.
பேரேடு எழுதிப் பழகிய சரிந்த எழுத்து:
வரித் திணைக்களம். கட்டாட்டில் இண்டைக்கே பொலிஸ் வரும்.
ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்.

கூடாதாம்.
அந்தக் கடைசி 'ஆம்'.
அடுத்தவர் வாயிலிருந்து வந்த சொல்லுக்குத்
தமிழ் ஒட்டுகிற சின்ன வால்.
அவர் முழுதாய் நம்பவில்லை.
நான் அந்த வாலைப் பிடித்தேன்.

அரசாங்கம் கார்டில் வரி வாங்காது, என்று எழுதினேன்.
இடம் போதவில்லை. ஓரத்தால் வளைந்து,
பொலிஸ் போன் எடுத்துக் காசு கேட்காது.
கடைசி மூலையில், சிறிதாக:
வையுங்கோ.

பின்னால் வரிசை வளர்ந்தது.
டயப்பர் பெட்டியோடு நின்றவள் பெருமூச்சு விட்டாள்.
பையிலிருந்து ஆங்கிலத்தில், மிகப் பணிவாக,
"சேர்? இருக்கிறீர்களா, சேர்?"
இவ்வளவு மரியாதையாய் அன்றைக்கு
அவரை வேறு எவரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

போனை எடுத்தார்.
சிவப்பு வட்டத்தில் விரல் இரண்டு தரம் வழுக்கியது.
ஐம்பத்தொரு நிமிடம், நான்கு விநாடி.
நின்றது.

உடனே திரும்ப அடித்தது. திரும்பவும்.
நான் ஐந்து கார்டையும் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

நன்றி சொல்லவில்லை.
"பிள்ளையளுக்குத் தெரியவேண்டாம்" என்றார்,
எனக்கா, அந்தப் போனுக்கா,
தெரியவில்லை.

நான் சொல்லியிருக்கலாம்.
வந்த முதல் வருஷம்,
படத்தில் மட்டும் இருந்த ஒரு பேஸ்மெண்டுக்குத்
தொள்ளாயிரம் டொலர் முற்பணம் அனுப்பியதை.
திறப்பு வாங்கப்போய்
எக்லின்டனில் இரண்டு மணித்தியாலம் நின்றதை.
கதவைத் திறந்த பெண்
வாடகைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி
கையில் ஒரு தோடம்பழம் தந்து அனுப்பியதை.
எனக்கு அப்போது இருபத்தாறு.
இன்றுவரை என் மனுசனுக்கும் தெரியாது.

சொல்லவில்லை.
"அடுத்த ஆள்" என்றேன்.

இப்போதும் வருகிறார், செவ்வாய்க்கிழமைகளில்.
பால், பிரஷர் குளிசை.
என் கவுண்டர் வெறுமையாய்க் கிடந்தாலும்
ஒன்றாம் கவுண்டர் வரிசையில் போய் நிற்பார்.
நானும் பார்க்காததுபோல்
சூயிங்கம் அடுக்குவேன்.

போன கிழமை அவர் பைக்குள் போன் அடித்தது.
என்னையறியாமல் நிமிர்ந்துவிட்டேன்.
அவரும் என்னைப் பார்த்தார்.
எடுத்தார். எண்ணைப் பார்த்தார்.
திரும்பப் பைக்குள் போட்டார்.
பால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.
வாசல் தாண்டும்வரை
அது அடித்துக்கொண்டே போனது.