நடுக் கட்டம்

முப்பது கேள்வி, நாற்பது பேர்.
ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம்,
முழுதும் உடன்படுகிறேன் என்று தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரை.
எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து சேர்த்து
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்தேன்.
நூற்று முப்பத்தைந்து ரூபாய்.
மனிதவளம் கைக்கு அடக்கமாகவே இருந்தது,
வெயிலில் கொஞ்சம் சூடாகவும்.

கோட்டையூர் தாண்டி அந்த நூற்பாலை.
பூட்டிய ஒரு வீட்டின் நீளத்தைக் கடக்க
டவுன் பஸ்ஸில் பாதிப் பாட்டு ஓடிவிடுகிறது.
ஹெச்.ஆர். என்று கதவில் எழுதியிருந்தது.
உள்ளே இருந்தவரை எல்லோரும்
டைம் ஆபீஸ் சார் என்றார்கள்.
ஷிஃப்ட் மாறுகிற இருபது நிமிஷம்,
அவ்வளவுதாம்மா என்றார்.

கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.
புருவத்தில் பஞ்சு, காதுமடலில் பஞ்சு.
என்னிடம் எட்டே பேனா.
"நடுவுல இருக்கே, கருத்து இல்லைன்னு,
அதுக்கு என்ன அர்த்தம்?"
கேட்டவள் பெயர் அடைக்கலமேரி.
இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை என்றேன்,
வகுப்பில் எழுதிக்கொண்ட அதே வாக்கியம்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
கடிகாரத்தின் கீழே சூப்பர்வைசர்
கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றிருந்தார்.
"அது போதும்."

பேனா அடுத்தவள் கைக்குப் போனது.
கூடவே அந்தச் சொல்லும்.

ஹாஸ்டலில் ராத்திரி கணினியில் ஏற்றினேன்.
மூன்று. மூன்று. மூன்று.
ஆயிரத்து இருநூறு மூன்று.
மாறுபாடு பூஜ்ஜியம், கணக்கிட இயலாது
என்று நின்றுவிட்டது மென்பொருள்.
ஷர்மிளா பானு எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"ஐ.சி.யூ.ல இப்படி நேர்கோடு வந்தா
வெளிய நிக்கிறவங்களக் கூப்பிட்டுருவாங்கடி."

இருதயராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"போன வருஷம் ஒரு பையன். அதே மில்லு, அதே மூணு.
அவன் பாஸாயிட்டான்.
நான் ஒண்ணும் சொல்லலம்மா.
இருபதாந்தேதி பைண்டிங்."
ஒன்றும் சொல்லாமல் ஒன்றைச் சொல்வது
இரண்டாம் செமஸ்டர், நிறுவன நடத்தை, நான்காம் அலகு.
எழுபத்தெட்டு வாங்கியிருந்தேன்.

ஆரம்பித்தேன்.
ஏழாம் தாளுக்குக் கேன்டீன் சாப்பாடு பிடித்துப்போனது.
பதினேழாம் தாளுக்கு
கழிவறை போக அனுமதி எளிதாகக் கிடைத்தது: நான்கு.
சம்பளத்துக்கு ஒருத்திக்கு ஐந்து போட்டு,
கூச்சமாக இருந்ததால் இரண்டாக்கினேன்.
முப்பத்தோராம் தாளுக்கு மட்டும்
எல்லாவற்றையும் முற்றிலும் மறுக்கும் துணிச்சல் கொடுத்தேன்,
பிறகு பயந்து பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
விடியும்போது
எல்லோருக்கும் ஏதோ ஒரு கருத்து இருந்தது.

இருபத்து மூன்றாம் தாளைத் தவிர.
பதினாறாம் கேள்வியில் மை தீர்ந்து
நீலம் கறுப்பாக மாறியிருந்தது.
பேனா மாற்றிக் கொடுத்தது நான்தான்,
அதனால் தெரியும் யாருடையதென்று.
முப்பது டிக், ஒன்றுகூடப் பிசகாமல்,
பின்பக்கம் தடவினால் விரலில் படுகிற அழுத்தத்தில்.
அதை அப்படியே விட்டேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
தூக்கம் வந்ததும் ஒரு காரணம்.

நம்பகத்தன்மை புள்ளி எட்டு ஒன்று.
பணிநிறைவு உயர்வாக உள்ளது
என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்குத் திருச்சியிலிருந்து வந்தவர்
பிற்சேர்க்கை வரை புரட்டினார். நல்ல மனிதர்,
கஷ்டமான கேள்வி எதுவும் கேட்கவில்லை.
"இந்த ஒருத்தர் மட்டும் எல்லாத்துக்கும் மூணு.
கவனமில்லாம நிரப்பியிருக்காங்க.
இதை நீக்கியிருக்கணும், இல்லையா?"

திரும்பிப் பார்த்தேன்.
இருதயராஜ் சார் ஜன்னல் பக்கம்
வெளியே பார்க்காமல் நின்றிருந்தார்.

"ஆமா சார்."

முதல் வகுப்பு.
மீந்த ஐந்து படிவங்களின் பின்பக்கத்தில்
ஷர்மிளா மெஸ் கணக்கு எழுதுகிறாள்.
பால், முட்டை, போன மாதப் பாக்கி.
மின்விசிறிக் காற்றில் தாள் புரள்கிறது.
முப்பது கேள்வி.
கட்டம் எல்லாம் காலி.