குஃப்ரானக்க

இடது காலை வைத்து உள்ளே போகிறேன்.
சொல்ல வேண்டியதை வாசலிலேயே சொல்லியாயிற்று.
இனி வாளிக்கும் துடைப்பத்துக்கும்தான் சத்தம்,
நாவுக்கு இல்லை.

கொம்தார், மூன்றாம் மாடி, பெண்கள் கழிப்பறை.
எட்டு அறைகள்; ஒன்று எப்போதும் பழுது.
காலை ஒன்பது தொடங்கி இரவு ஏழு வரை
அவன் பெயரைச் சொல்லக்கூடாத இடத்தில்தான்
எனக்குச் சம்பளம்.

என் நாத்தனாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.
சூலியா தெருக் கடையில் மீன்தலைக் கறி கொதிக்கையில்
கரண்டி திரும்பும் சுற்றுக்கு ஒரு ஸலவாத்து.
ஃபெரியில் கயிறு கட்டும் என் மகன்
விரல் கணுக்களில் தஸ்பீஹ் முடிப்பதற்குள்
பட்டர்வொர்த் வந்துவிடுகிறதாம்.
நடந்துகொண்டே நினைக்கலாம், படுத்துக்கொண்டும்;
ஒளு இல்லையென்றாலும் நாவை யாரும் தடுக்கவில்லை.
ஓர் இடம்தான் விலக்கு.
அந்த ஓர் இடத்துக்கு நான் காவல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
குழாய் உடைந்து தண்ணீர் முகத்தில் அறைந்தது.
யா அல்... பாதி வந்துவிட்டது.
உதட்டைக் கடித்து மீதியை விழுங்கினேன்.
விழுங்கியது எங்கே போய்த் தங்கியிருக்கும் என்று
அன்றைக்கு முழுக்க அதே யோசனை.

வெளியே வந்தால் வலது கால். குஃப்ரானக்க.
ஒற்றைச் சொல். மன்னித்துவிடு.
எதற்கு மன்னிப்பு என்று வெகுநாள் தெரியாது;
உள்ளே இருந்த நேரம் உன்னைச் சொல்லாமல் போனேனே,
அதற்காகவும் இருக்கலாமாம்.
சூராவில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது
பயானிலிருந்து இவ்வளவுதான் காதில் விழுந்தது.
மற்றவர்களுக்கு மூன்று நிமிடக் கடன்.
எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை,
ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம்.

மெதுவாகச் சொல், பிறர் பார்க்கச் சொல்லாதே என்பார்கள்.
பூட்டிய உதட்டுக்குள், பினாயில் நெடியில்
எனக்குள் ஓடுவதைவிட மெதுவானது உண்டா,
தெரியவில்லை.
அதைக் கணக்கில் சேர்ப்பானா,
அதுவும் தெரியவில்லை.

போன செவ்வாய் ஒருத்தி ஓடி வந்தாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடை, எட்டு மாத வயிறு.
கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினாள்:
"பிடிச்சுக்குங்க அக்கா, இதுல பேர் இருக்கு."
என் கையில் ஈரக் கையுறை.
முக்காட்டு முனையை ஏந்தினேன்.
போட்டுவிட்டு உள்ளே மறைந்தாள்.

கையுறையை உதறினேன். வெளிக் குழாயில்
சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.
அப்புறம்தான் முனையைப் பிரித்துப் பார்த்தேன்.
அரைப் பவுன்கூட இருக்காது. கடைசி எழுத்தின் வளையம்
தேய்ந்து நூலாகியிருந்தது.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. திருவாட்டி ஓய்.
"ஜைனம்பூ! ஐந்தாவது அறை வழியுதாம், எங்கே நீ?"
வாசலில்தான். ஆனால் போக முடியாது.
இதை எந்த மொழியில் அவளுக்குச் சொல்வது?
"ஒரு நிமிஷம், மேடம்."
தண்ணீர் கதவின் அடியால் நாக்கு நீட்டியது.

பதினொரு வருடத்தில் முதன்முதலாக
வேலை நேரத்தில், வெளியே, கை சும்மா, நாவு சும்மா.
எவ்வளவோ ஓதியிருக்கலாம்.
ஒன்றும் வரவில்லை.
உள்ளே இருக்கையில் முட்டிக்கொண்டு நிற்பதெல்லாம்
கதவு திறந்ததும் எங்கோ போய்விட்டது.
பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்,
தொலைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு
தாய்க்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

அவள் வந்தாள். நனைந்த தரையில் வலது காலை
ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.
கூடவே நானும் சொன்னேன், குஃப்ரானக்க,
உள்ளே போகாமலேயே.

சங்கிலியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.
இடது கால். கணுக்கால் வரை தண்ணீர்.
அன்று மாலை வரை அந்த முக்காட்டு முனையைத்
தரையில் படாமல் தோளில் ஏற்றிச் செருகியிருந்தேன்.